கொடுத்தவரிடம் திரும்பிப் போவோம்!

(கள்ளிக்குப்பத்தில் பைத்துல்மால் ஊழியர்கள், வசூல் பொறுப்பாளர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களும் பயன்பெறும் பொருட்டு இங்கே வெளியிடப்படுகிறது.)

   

வசூலுக்குப் போவது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரமளான் பிறந்துவிட்டால் ரசீதுப் புத்தகமும் கையுமாகத் தெருத் தெருவாகப் போகிறோம். கடைக்காரரிடம் கேட்கிறோம். வளைகுடாவில் இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறோம். கேட்பதில் நமக்குக் குறையே இல்லை. வாங்கிய பிறகு என்ன செய்கிறோம்? இன்றைக்கு நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

சற்றே எண்ணிப் பாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர். வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, தாயாரின் மருந்து எல்லாம் போக மிஞ்சியதில் 500 ரூபாயை எடுத்து நம் கையில் தருகிறார். நாம் ரசீது கிழித்துக் கொடுக்கிறோம். அதோடு சரி! மறுபடியும் அவர் வாசலை மிதிப்பது எப்போது? அடுத்த வசூலின்போதுதான். அதே ரசீதுப் புத்தகம், அதே சலாம், அதே கோரிக்கை. இடைப்பட்ட பதினோரு மாதத்தில் அந்தப் பணம் யாருக்குப் போனது, என்ன ஆனது என்று ஒரு வார்த்தை அவருக்குச் சொன்னோமா? சொல்லவில்லை. அடுத்த முறை அவர் 500-ஐ 100 ஆக்கினால் "சமுதாயத்துக்கு ஈகை மனம் குறைந்துவிட்டது" என்று பெருமூச்சு விடுகிறோம். குறைந்தது அவருடைய ஈகை மனமா, நம்முடைய நன்றி உணர்வா?

ஒரு முறை கொடுத்தால் போதாதா?

போதாது. ஏனென்றால் தேவை ஒரு முறையோடு முடிவதில்லை. தந்தையை இழந்த ஒரு மாணவிக்குக் கல்லூரியில் முதலாண்டுக் கட்டணம் கட்டுகிறோம். பட்டப்படிப்புக்கு மூன்று ஆண்டு. இரண்டாம் ஆண்டில் நம்மிடம் பணம் இல்லையென்றால் அந்தப் பிள்ளை என்ன செய்வாள்? பாதியில் நின்றுபோன படிப்பு, தொடங்காத படிப்பைவிட வேதனையானது. விதவைத் தாய்க்கு மாதா மாதம் அரிசியும் மருந்தும் கொடுக்கிறோம். ஷவ்வால் பிறந்ததும் அவருடைய பசி நின்றுவிடுமா?

2015 டிசம்பர் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையும் புறநகரும் தத்தளித்தபோது பள்ளிவாசல்களின் கதவுகள் சாதி, மத வேறுபாடின்றி எல்லோருக்கும் திறந்தன. நம் இளைஞர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி உணவு கொடுத்தார்கள். எங்கெங்கிருந்தோ போர்வை வந்தது, அரிசி வந்தது, பணம் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து அம்பத்தூர் எஸ்டேட்டிலும் கொரட்டூரிலும் தண்ணீர் புகுந்தபோதும் உதவும் கரங்கள் நீண்டன. ஆபத்து நேரத்தில் நம் மக்கள் கொடுப்பார்கள். அதில் ஐயமே இல்லை. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது, அதே மனிதர்களைத் தேடிப் போக நம்மிடம் அவர்களுடைய பெயராவது இருக்கிறதா?

இன்னொன்றையும் பாருங்கள். குர்பானித் தோல் வருமானத்தை நம்பியே பல மதரஸாக்களும் பைத்துல்மால்களும் ஆண்டுச் செலவைத் திட்டமிட்ட காலம் இருந்தது. கடந்த பத்தாண்டுகளில் தோல் விலை சரிந்து, வண்டிக் கூலிக்கே கட்டாத நிலை பல ஊர்களில் வந்துவிட்டது. தோல் கைவிட்ட இடத்தை மாதா மாதம் ஐம்பதும் நூறும் தரும் எளிய மனிதர்கள்தாம் நிரப்ப வேண்டும். அவர்களைத் தக்கவைத்துக்கொள்வது இன்று நம் பைத்துல்மால்களின் உயிர்ப் பிரச்சினை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

"அல்லாஹ்வுக்காகக் கொடுத்தவருக்கு நம் நன்றி எதற்கு?" என்று சில சகோதரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிக்கும் நல்லடியார்கள் பிரதிபலனையோ நன்றியையோ எதிர்பார்ப்பதில்லை என்று திருமறை கூறுகிறது (76:8, 9). சொல்லிக் காட்டியும் புண்படுத்தியும் தருமத்தைப் பாழாக்காதீர்கள் என்றும் எச்சரிக்கிறது (2:264). இவை யாருக்குச் சொல்லப்பட்டவை? கொடுப்பவருக்கு!

வாங்கும் நமக்குச் சொல்லப்பட்டது வேறு. மக்களின் செல்வத்திலிருந்து தர்மத்தை எடுக்கும்படி நபி (ஸல்) அவர்களுக்கு இறைவன் ஆணையிடும்போது, கொடுத்தவர்களுக்காகப் பிரார்த்திக்கும்படியும் அதே வசனத்தில் ஆணையிடுகிறான். அந்தப் பிரார்த்தனை அவர்களுக்கு மன நிம்மதி தரும் என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறான் (9:103). அபூ அவ்ஃபா (ரலி) தம் ஜகாத்தைக் கொண்டு வந்தபோது அவருடைய குடும்பத்தின் பெயரைச் சொல்லியே அண்ணலார் துஆச் செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவரே என்ற கருத்திலான நபிமொழி அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ளது.

ஆக, நன்றியை எதிர்பார்க்காமல் இருப்பது கொடுத்தவர் கடமை. நன்றி சொல்வது வாங்கியவர் கடமை. அவர் தம் கடமையைச் செய்கிறார் என்பதற்காக நம் கடமை நம்மைவிட்டு நீங்கிவிடாது.

பொன்னாடை நன்றி ஆகுமா?

நன்றி என்றதும் நம் தமிழ்நாட்டில் கைக்கு முதலில் வருவது பொன்னாடை! மேடை போடுகிறோம், பந்தல் போடுகிறோம், பெரிய தொகை தந்தவரை அழைத்துப் போர்த்துகிறோம், கேடயம் கொடுக்கிறோம். அந்தச் சால்வைக்கும் கேடயத்துக்கும் காசு எங்கிருந்து வந்தது? அவர் ஏழைக்காகக் கொடுத்த பணத்திலிருந்தா? அப்படி ஓர் ஐயம் அவர் மனத்தில் எழுந்துவிட்டாலே நம் நோக்கம் கெட்டது. 2012-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூமன், ஷென் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நன்கொடை தந்தால் பேனா, பை போன்ற பரிசுகள் தருவோம் என்று சொன்னபோது மக்கள் கூடுதலாகக் கொடுக்கவில்லை. குறைவாகவே கொடுக்க முன்வந்தார்கள்!

சரி, தொலைபேசியில் ஒரு நன்றி சொன்னால் போதுமா? அமெரிக்காவில் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு நன்கொடை தந்த லட்சக்கணக்கானோரை வைத்துப் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு நன்றி அழைப்பு. மற்றவர்களுக்கு அழைப்பு இல்லை. வசூல் துறையில் அனுபவமுள்ளவர்கள், அழைப்புப் பெற்றவர்கள் அதிகம் திரும்பி வருவார்கள் என்றே கணித்தார்கள். நடந்தது என்ன? இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை! அன்யா சமேக், சக் லாங்ஃபீல்டு ஆகியோரின் இந்த ஆய்வு 2023-இல் வெளியானது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? நன்றி என்ற சொல் பணத்தை இழுக்கும் தூண்டில் அல்ல. யாரோ ஒருவர், எப்போதோ ஒரு நாள், எல்லோருக்கும் சொல்லும் அதே வாக்கியத்தைச் சொல்லி வைத்தால் அது கொடுத்தவர் மனத்தில் ஒட்டாது. அப்படியானால் எது ஒட்டும்? அதற்கு அமெரிக்கா போக வேண்டாம். நம் பள்ளிவாசலுக்குள்ளேயே விடை இருக்கிறது.

கஞ்சி சொல்லும் பாடம்

நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளும் தேக்சா ஏறுகிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒருவர் பொறுப்பு ஏற்கிறார். எத்தனையோ பள்ளிகளில் தந்தை ஏற்ற நாளை அவர் மறைந்த பிறகு மகன் ஏற்று நடத்துகிறார். இதுவும் ஒரு தொடர் நன்கொடைத் திட்டம்தான். யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. பின் எப்படி நடக்கிறது?

முதலாவது, அவர் கொடுப்பது எதற்கென்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும்: ஒரு நாள் கஞ்சி. இரண்டாவது, பலனைத் தம் கண்ணாலேயே பார்க்கிறார். அஸர் முடிந்ததும் தூக்குச் சட்டியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பக்கத்து வீட்டு இந்துச் சகோதரியும் வந்து வாங்கிப் போகிறார். நோன்பு திறக்கும்போது அதே கஞ்சியை அவரும் குடிக்கிறார். மூன்றாவது, கரும்பலகையில் அன்றைக்கு அவர் பெயர் இருக்கிறது. வேண்டாமென்றால் "அல்லாஹ்வின் அடியார்" என்று எழுதப்படுகிறது. நான்காவதுதான் மிக முக்கியம். அடுத்த ரமளானுக்கு முன் மோதினார் அவரைப் பார்த்துக் கேட்கிறார்: "பாய், போன வருஷம் பன்னிரண்டாம் நோன்புக் கஞ்சி உங்களுது. இந்த வருஷமும் எழுதிக்கவா?"

எவ்வளவு சின்னக் கேள்வி! ஆனால் அதற்குள் எல்லாம் இருக்கிறது. நீங்கள் கொடுத்தது எங்களுக்கு நினைவிருக்கிறது, அது இன்ன நாளில் இன்ன காரியத்துக்குப் போயிற்று, அந்த இடம் இன்னும் உங்களுக்காகவே இருக்கிறது என்று மூன்று செய்திகளை மோதினார் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். கல்வி உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் இதே முறையைக் கொண்டுவர நமக்கு என்ன தடை?

செய்ய வேண்டியவை

ஒன்று: பணம் வாங்கிய வாரத்திலேயே, அடுத்த ஜும்ஆவுக்குள், நன்றி போய்ச் சேரட்டும். வாங்கியவரே சொல்லட்டும். துஆவோடு சொல்லட்டும்.

இரண்டு: பெயரைச் சரியாக எழுதுங்கள். ஷாகுல் ஹமீதைச் "சாகுல் அமீது" ஆக்காதீர்கள். தலைப்பெழுத்தை மாற்றாதீர்கள். சகோதரி ஒருவர் தம் சிறுவாட்டுப் பணத்திலிருந்து தந்ததைக் கணவர் பெயரில் ரசீது போடாதீர்கள். கொடுத்தவர் யாரோ, நன்றியும் அவருக்கே உரியது.

இப்போது பள்ளிவாசலிலும் கடையிலும் கியூஆர் அட்டை வைத்திருக்கிறோம். பணம் வருகிறது. யார் அனுப்பியது என்று வங்கிக் கணக்கைப் பார்த்தாலும் பல நேரம் விளங்குவதில்லை. எனவே அட்டைக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்: பெயரையும் நோக்கத்தையும் இந்த எண்ணுக்கு அனுப்பினால் ரசீது வரும் என்று. யார் என்றே தெரியாதவருக்கு எப்படி நன்றி சொல்வது?

மூன்று: பணம் செய்த வேலையைச் சொல்லுங்கள். "தங்கள் நன்கொடை நற்காரியங்களுக்குப் பயன்பட்டது" என்று எழுதுவதில் என்ன செய்தி இருக்கிறது? இப்படி எழுதிப் பாருங்கள்:

"அன்புள்ள சகோதரருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஷஅபான் மாதம் நீங்கள் தந்த 500 ரூபாய் கல்வி உதவிக் கணக்கில் சேர்ந்தது. அக்கணக்கிலிருந்து ஜூன் மாதம் நான்கு பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் பேருந்துச் செலவும் கொடுத்தோம். நால்வரும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அல்லாஹ் உங்கள் வாழ்வாதாரத்தில் பரக்கத் செய்வானாக."

இவ்வளவே போதும். இதில் இன்னொரு கோரிக்கையைச் சேர்க்காதீர்கள். நன்றிக் கடிதத்தின் அடியில் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டால் அது வசூல் கடிதமாகிவிடும்.

நான்கு: கேட்காத காலத்தில் ஒரு முறை செய்தி சொல்லுங்கள். மே மாதம் பிளஸ் டூ முடிவு வரும்போது, நாம் உதவிய பிள்ளைகளில் இத்தனை பேர் தேறினார்கள் என்று சொல்லுங்கள். தேறாதவர் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மறுதேர்வுக்கு என்ன ஏற்பாடு என்றும் சொல்லுங்கள். நல்ல செய்தியை மட்டுமே சொல்கிறவரை யாரும் நீண்ட நாள் நம்புவதில்லை.

ஐந்து: சிறிய தொகையைச் சிறிதாக எண்ணாதீர்கள். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு மிக விருப்பமானது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. மாதம் ஐம்பது ரூபாய் தரும் தையல்காரரின் பெயர், ஒரே தடவையாக ஐயாயிரம் தந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். உதவிய மாற்று மதச் சகோதரர்களுக்கும் நன்றி போய்ச் சேரட்டும். அலிகரில் 1875-இல் சர் சையது அகமது கான் தொடங்கிய கல்விச்சாலைக்கு இந்துக்களும் நன்கொடை தந்தார்கள். கொடுத்தவர்களின் பெயர்களைச் சுவரில் கல்லில் பொறித்தார்கள். இன்றும் மாணவர்கள் அவற்றைப் படித்துக்கொண்டு கடந்து போகிறார்கள். திருச்சியில் 1951-இல் தோன்றிய ஜமால் முகம்மது கல்லூரி, கொடுத்தவரின் பெயரையே தன் பெயராகக் கொண்டு நிற்கிறது. அங்கே பெயர் வெளிச்சம் தருகிறது. நம்மவர் சிலர் டியூப்லைட்டில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி வெளிச்சத்தை மறைக்கிறார்களே, அது வேறு கதை! தருமத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லது, மறைத்து ஏழைக்குக் கொடுப்பது அதனினும் நல்லது என்று மறை கூறுகிறது (2:271). எனவே பெயர் போடலாமா என்று கொடுத்தவரிடமே கேளுங்கள்.

கொடுத்தவரை மகிழ்விக்க வாங்கியவரை வதைக்காதீர்!

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தையல் இயந்திரம் வாங்கும் விதவைத் தாயை மேடைக்கு அழைத்து, நான்கு நிர்வாகிகள் அந்த இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, பேனருக்கு முன்னால் படம் எடுத்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புகிறோமே, இது யாருக்குச் செய்யும் நன்றி? அந்தத் தாயின் மகன் நாளை பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைப் பார்த்தால் அவன் மனம் என்ன பாடுபடும்? புண்படுத்தித் தருமத்தைப் பாழாக்கக் கூடாது என்ற எச்சரிக்கை கொடுப்பவருக்கு மட்டும்தானா? இடையில் நிற்கும் நமக்கு இல்லையா?

பெயரை மறைத்தால் போதும் என்றும் எண்ணாதீர்கள். கள்ளிக்குப்பம் போன்ற ஒரு பகுதியில் "இன்ன தெருவில் கணவரை இழந்து மூன்று பெண் பிள்ளைகளோடு வாழும் சகோதரி" என்று எழுதினால் பெயர் எழுத வேண்டிய தேவையே இல்லை. படம் வேண்டுமா? அடுக்கி வைத்த நோட்டுப் புத்தகங்களைப் படம் எடுங்கள். மருந்துக் கடை ரசீதைப் பெயரை மறைத்துக் காட்டுங்கள். முகம் வேண்டாம்!

கணக்கே பெரிய நன்றி

நபி (ஸல்) அவர்கள் ஜகாத் வசூலுக்கு அனுப்பிய ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துச் சொன்னார். தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவருக்கு வந்திருக்குமா என்று மேடையேறிக் கேட்டார்கள் அண்ணலார். இது புகாரியில் உள்ள செய்தி. வசூலிப்பவரிடம் கணக்குக் கேட்பது அவமரியாதை அல்ல, அது நம் மரபு.

ஜகாத் வேறு, சதகா வேறு, ஃபித்ரா வேறு. ஜகாத்துக்கு எட்டு வகையினரைத் திருமறை வரையறுத்திருக்கிறது (9:60). மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு ஒரே பேரேட்டில் எழுதினால் கொடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது? தனித்தனிக் கணக்கு வையுங்கள். வெள்ளத்துக்கென வந்த பணம் மிஞ்சினால், கல்விக்குத் திருப்பலாமா என்று கொடுத்தவர்களைக் கேட்டுவிட்டுத் திருப்புங்கள். ஆண்டுக்கு ஒரு முறை வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

வரிச் சலுகை பற்றியும் ஒரு வார்த்தை. 80ஜி என்று நாம் பழகிய சலுகை, குறிப்பிட்ட மதத்தவருக்காகவோ சாதியினருக்காகவோ மட்டும் அமைந்த அறக்கட்டளைக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. 2017-18 நிதியாண்டிலிருந்து 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு அச்சலுகை இல்லை. புதிய வரி முறையில் இருப்பவருக்கும் இல்லை. சலுகை பெற்ற அறக்கட்டளைகள் நன்கொடை விவரங்களை ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்கு அனுப்பி, கொடுத்தவருக்குச் சான்றிதழ் தர வேண்டும் என்ற முறை 2021-22 முதல் வந்தது. எனவே ஆடிட்டரைக் கேட்காமல் "வரி விலக்கு உண்டு" என்று வாய் வார்த்தையாக வாக்குக் கொடுக்காதீர்கள். பொய்த்துப்போன ஒரு வாக்கு பத்து நன்றிக் கடிதங்களை அழித்துவிடும்.

சகோதரர்களே! இன்றே ஒன்று செய்யுங்கள். போன ஆண்டு ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எடுங்கள். ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். இந்த வாரம் பத்துப் பேரைப் போய்ப் பாருங்கள். கையில் ரசீதுப் புத்தகம் வேண்டாம். அவர்கள் தந்தது என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள், துஆச் செய்துவிட்டுத் திரும்புங்கள். "வசூலுக்குத்தான் வந்தீங்களோ?" என்று அவர் கேட்டால், "இல்லை பாய், சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்" என்று சொல்லுங்கள். அவர் திரும்பக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். நம் கடமை முடிந்திருக்கும்.

கொடுத்தவர்களின் கொடையை வல்ல நாயன் ஏற்றுக்கொள்வானாக! அதைச் சுமந்து நிற்கும் நம் கைகளை அமானிதம் பேணும் கைகளாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.